முதலில் உட்கார்ந்தவர்

மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

கடை கிடைத்துவிட்டது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் எனக்கு வேறு வேலையில் கை ஓடவில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட சோபாக் கடைக்கு நேர் எதிரே ஒரே ஓர் அறை. முன்பு பழைய டயர் அடுக்கி வைத்திருந்தார்களாம். எத்தனை தடவை வெள்ளையடித்தும் ரப்பர் வாசனை போகவில்லை. ஆனால் கதவு பெரிது, அண்ணி. ஒரு முழு சோபாவைச் சாய்க்காமல், திருப்பாமல் உள்ளே கொண்டுவரலாம். எங்கள் தொழிலில் அதுவே பாதி அதிர்ஷ்டம்.

என் நம்பரை அண்ணன் உங்கள் போனிலும் தடுத்து வைத்திருக்கிறார் என்று தெரியும். அதனால்தான் கோயில் நூலகத்து முகவரிக்கு எழுதுகிறேன். நீங்கள் புத்தகம் அடுக்கப் போகும்போது கையில் கிடைத்துவிடும். ஒருவிதத்தில் நல்லதுதான். எழுதும்போது நான் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கைவைத்த நாற்காலி ஞாபகமிருக்கிறதா? நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, வேறொன்றும் வேண்டாம், இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேனே, அதுதான். அப்பா போன பிறகும் அண்ணன் அதில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் அப்பாவின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். நாம் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தோம். அதை இப்போது முழுதாகப் பிரித்து, அடியில் புது நாடா இழுத்து, ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் கட்டி, கரும்பச்சைத் துணி போர்த்தி, பித்தளை ஆணி வரிசையாக அடித்திருக்கிறேன். என் சொந்தக் கடையின் முதல் வேலை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்தவர் முதலில் உட்காரக் கூடாது. எங்கே குத்தும், எங்கே அமுங்கும் என்று அவருக்குத் தெரியும், உடம்பு தானாக ஒதுங்கிக்கொள்ளும். வேறொருவர் உட்கார வேண்டும். அவர் முகம் சுளிக்கவில்லை என்றால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இந்த நாற்காலியில் முதலில் உட்காருவது நம் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். அதுவரை கடையைத் திறக்க மாட்டேன். மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் இடத்தைப் பக்கத்துக் காபிக் கடைக்காரர்களுக்குச் சாமான் போட்டுவைக்கக் கொடுத்துவிடுவதாகக் கட்டட முதலாளி சொல்கிறார்.

அண்ணனைக் கேட்க முடியாது. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்ததற்கே பேச்சை நிறுத்திவிட்டு, அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றவர். நீங்கள் வருவீர்களா?

உங்கள்,
வாலு

*

மார்ச் 9

அன்புள்ள வாலுக்கு, சாமி உன்னை நன்றாக வைக்கட்டும்.

உன் கடிதத்தை நூலகத்திலேயே நின்றுகொண்டு படித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் ஒரு தடவை, மொட்டை மாடியில் துணி எடுக்கும் சாக்கில் ஒரு தடவை. பெரிய கதவு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கே ஒரு கடை திறப்பது போல இருந்தது. துணி மடிக்கும்போது இரண்டு தலையணை உறையை ஒன்றுக்குள் ஒன்று போட்டு மடித்துவிட்டேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

வருவதற்கு ஆசைதான். ஆனால் எனக்குச் சந்தை, கோயில், ஆஸ்பத்திரி, இந்த மூன்றைத் தாண்டித் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. அதிலும் உன் தெரு. உன் அண்ணன் சும்மா பயப்படவில்லை, அதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை உன் தெருப் பக்கத்துப் பாலத்தடியில் அவரை மடக்கிப் பையைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போதும் டிவியில் அந்தப் பாலத்தைக் காட்டினால் கன்னத்தைத் தடவிக்கொள்வார். அவருக்கே தெரியாமல் கை போகும்.

பெயர் சொல்லாமல், ஒரு தெரிந்தவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லி, இரண்டு பேரிடம் விசாரித்தேன். எதிர்வீட்டு டீச்சர், யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று நட என்கிறார். மாடி வீட்டு அம்மா, வெளிச்சமான புது ரோட்டிலேயே போ, சந்தில் நுழையாதே என்கிறார். நகையைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. டீச்சர் கூடவே ஒரு யோசனையும் சொன்னார். கழற்றினதை அரிசி டப்பாவில் புதைத்துவிட்டுப் போக வேண்டுமாம். திருடன் தேடாத ஒரே இடமாம் அது.

நீ அங்கேயே இருக்கிறவள். எப்படி வரவேண்டும், எங்கே இறங்கவேண்டும், எதைத் தொடக் கூடாது, எதைப் பார்க்கக் கூடாது என்று வரிசையாக எழுது. பயத்தை எனக்குச் சரியான அளவில் சொல். குறைத்தும் சொல்லாதே, கூட்டியும் சொல்லாதே.

உன் அண்ணி

*

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

வருவதற்கு ஆசைதான் என்ற வரியை வெட்டி நாற்காலிக்கு மேலே ஒட்டலாம் போலிருந்தது.

சரியான அளவில் பயம் கேட்டீர்கள். இதோ. பாலத்தடி நிறுத்தத்தில் இறங்காதீர்கள். அங்கே இன்றைக்கும் பைக்கில் வந்து போனைப் பிடுங்குகிறார்கள். போன மாதம் புதிதாகக் குடிவந்த ஒரு கணினிக்காரப் பெண்ணிடமிருந்து அப்படித்தான் போயிற்று. அடுத்த நிறுத்தம், பழைய கிடங்கு. அங்கே இறங்குங்கள். போனைப் பைக்குள் வையுங்கள், வழி பார்க்க வெளியே எடுக்காதீர்கள். இருட்டிய பிறகு மூடின ஆலைச் சுவரோரம் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். அவ்வளவுதான் நிஜமான பயம். மிச்சமெல்லாம் டிவி.

மாடி வீட்டு அம்மா சொல்கிற புது ரோடு பார்க்க அழகுதான். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் கட்டட வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். மனிதர் ஒருவரும் கிடையாது. கூப்பிட்டால் தகரம்தான் திருப்பிக் கூப்பிடும். நீங்கள் வெல்டிங் சந்து வழியாக வாருங்கள். இருட்டாக இருக்கும், தரையில் எண்ணெய் இருக்கும், நாய் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஓர் ஆள் இருப்பார்.

டீச்சர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். முகத்தைப் பாருங்கள். தலையை அசையுங்கள். இங்கே பாராமல் போகிறவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

ஏன் என்றால், இந்தச் சந்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்தவர் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள் என்றால், முனையில் இருக்கும் வெல்டிங்கார அண்ணன் தன் ஷட்டரை ஒரு தடவை தட்டுவார். நம் ஆள் வருகிறாள், பார்த்துக்கொள் என்று அர்த்தம். அவர் கண்ணுக்கு எட்டாத இடம் வந்ததும் சாவிக்காரர் தட்டுவார். பிறகு சலவைக்கடை அக்கா. அப்படியே கண்ணிலிருந்து கண்ணுக்கு மாற்றி மாற்றி வீடுவரை கொண்டுவந்துவிடுவார்கள். நடக்கிறவளுக்குத் தெரியவே தெரியாது. நான் வந்த புதிதில், இது என்ன தெரு, எந்நேரமும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று திட்டியிருக்கிறேன். ஒரு தட்டு என்றால் நம் ஆள். இரண்டு தட்டு என்றால், அவள் பின்னால் யாரோ வருகிறான்.

இரண்டு தட்டு நான் இதுவரை கேட்டதில்லை. பயப்படாதீர்கள்.

நான் தைத்துக் கொடுத்த பச்சைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள். எல்லாரிடமும் பச்சைப் பை என்று சொல்லி வைக்கிறேன்.

ஒரு வேடிக்கை. பக்கத்துக் காபிக் கடைக்காரர் கிழிந்த சோபா ஒன்றைக் கொண்டுவந்தார். தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், இன்னும் கொஞ்சம் கிழித்துத் தா, பழமை தெரியணும் என்கிறார். கிழிப்பதற்குக் கூலி எப்படிப் போடுவது என்று வீட்டுக் கணக்கெல்லாம் பார்க்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாலு

*

மார்ச் 18

அன்புள்ள வாலுக்கு,

வருகிறேன். எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

27ஆம் தேதி சனிக்கிழமை. உன் அண்ணனுக்கு அன்று விடுமுறை. கோயிலில் விசேஷ பூஜை, வர மதியமாகும் என்று சொல்லியிருக்கிறேன். பொய்யாகிவிடக் கூடாது என்பதால் முதலில் கோயிலுக்கும் போவேன், உட்கார்ந்து கும்பிடுவேன், பிறகுதான் பேருந்து. சாமிக்கு என் கணக்கு புரியும் என்று நம்புகிறேன். உலை வைத்துவிட்டுப் போகிறேன் என்றதற்கு, நீ போ, ஒரு நாள் நான் வைக்கிறேன் என்றார். அப்படிச் சொல்கிற மனிதரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

தினமும் அவர் வேலைக்குப் போனதும் கூடத்தில் நடந்து பழகுகிறேன். பச்சைப் பை தோளில். ஜன்னல்தான் வெல்டிங் கடை, அலமாரி சாவிக்காரர், பீரோ சலவைக்கடை. ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துத் தலையை அசைக்கிறேன். நேற்று அவர் ஏதோ காகிதத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது நான் பீரோவுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துச் சுளுக்கு என்று சொன்னேன். தைலம் எடுத்துத் தந்தார்.

சங்கிலி விஷயம் நீ ஒன்றும் எழுதவில்லை. கழற்றட்டுமா, வேண்டாமா?

கிழிக்கிற கூலி தைக்கிற கூலியைவிடக் கூட. தைத்ததை ஒரு தடவை பார்த்தால் போதும். கிழித்ததை அவர் தினமும் வந்து காட்டிக் குறை சொல்லுவார்.

உன் அண்ணி

*

மார்ச் 22

அண்ணி,

சங்கிலியைக் கழற்றாதீர்கள். தலைப்பை இழுத்து மூடினால் போதும். தினமும் போடுகிற ஒன்றைப் போடாமல் வந்தால், அதைத்தான் எல்லாரும் முதலில் கவனிப்பார்கள்.

வேறொன்றும் எழுத வரவில்லை. நாற்காலியின் மேல் வெள்ளைப் போர்வை போர்த்தி, கதவுக்கு நேரே போட்டிருக்கிறேன். கடையில் வேறு நாற்காலியே இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். நான் வீட்டை விட்டு வந்த அன்று நீங்கள் அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ரொம்ப நாள் மனதில் வைத்திருந்தேன். இப்போது வார்த்தை வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

வாலு

*

மார்ச் 28

அன்புள்ள வாலுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பயத்தில் இல்லை.

நேற்று நடந்ததில் நீ பார்க்காத பாதி என்னிடம் இருக்கிறது, நான் பார்க்காத பாதி உன்னிடம் இருக்கிறது. உன் கடையில் நடந்ததை மட்டும் உன் அண்ணன் சொல்ல மாட்டேன் என்கிறார். என் பாதியை எழுதிவிடுகிறேன், உன் பாதியை நீ எழுது.

கோயிலில் கும்பிட்டுவிட்டு, சொன்னபடி பேருந்து ஏறினேன். பாலத்தடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொன்னேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். மேகமாக இருந்ததே தவிர மழை இல்லை. முதலில் புது ரோடு கண்ணில் பட்டது. நீ சொன்னது போலத் தகரமும் வெளிச்சமும்தான். ஒரு கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மயங்கி விழுந்தால்கூட அவர்கள் காபி ஆறாது. சந்துக்குள் திரும்பினேன்.

முனையில் ஒரு மனிதர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பச்சைப் பையைப் பார்த்தார். நான் பீரோவிடம் பழகியபடி தலையை அசைத்தேன். அவரும் அசைத்தார். பின்னால் டங் என்று ஒரு தட்டு. வாலு, அந்தச் சத்தம் என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது போல இருந்தது. இவ்வளவு வயதுக்கு நான் ஒரு தெருவில் அப்படி நடந்ததில்லை. சாவிக்காரரிடம் நானே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னேன். ஒரு நாய் கூடவே வந்தது. அதற்கும் தலையை அசைத்தேன். சுவரில் யாரோ பெரிய மீன் ஒன்றை வரைந்திருக்கிறார்களே, அதன் கண்ணுக்குள் ஜன்னல் இருக்கிறதே, அதையெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அப்போதுதான் பின்னால் டங், டங்.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு. மறுபடியும் இரண்டு. சாவிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை. கால் கூடத்தில் பழகினபடி தானாக நடந்தது. சலவைக்கடை அக்கா வெளியே வந்து, ரொம்ப நாள் தெரிந்தவள் போலத் தோளில் கைபோட்டு உள்ளே இழுத்து, இஸ்திரி மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

“பயப்படாதீங்கம்மா. சந்து முனையிலேருந்தே உங்க பின்னாலதான் வர்றான். மழையே இல்ல, குடைய விரிச்சு மூஞ்சிய மறைச்சிருக்கான். நீங்க நின்னா நிக்குறான்.”

சூடான துணி வாசனைக்கு நடுவில் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே காலடிச் சத்தம், குடை விழுகிற சத்தம், வெல்டிங்காரரின் அதட்டல். பெரிய கதவு இருக்கிற இடத்துக்குக் கொண்டு போ என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கதவு யாருடையது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு சத்தம் தெருவோடு தள்ளிப் போயிற்று. அக்கா இரண்டு சட்டை தேய்த்து முடித்துவிட்டார். அப்புறம் நீ ஓடி வந்தாய். சிரிக்கிறாயா, அழுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்க, வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். உள்ளே நுழைந்தால் மாமனார் நாற்காலியில், மடியில் உடைந்த குடையோடு, முட்டி போட வைத்த பிள்ளை மாதிரி உன் அண்ணன்.

அதற்கு முன்னால் என்ன நடந்தது? எழுது.

உன் அண்ணி

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நான் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் தட்டு கேட்டபோது கை தானாகக் குவிந்தது. நாற்காலியின் போர்வையைத் தூக்கி ஒரு தடவை உதறினேன், மறுபடி போர்த்தினேன். பிறகு இரண்டு தட்டு கேட்டபோது கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடித்திருப்பேன்.

வெல்டிங்கார அண்ணனும் சாவிக்காரரும் ஓர் ஆளைச் சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையில் சாக்குப்பையைக் கவிழ்த்திருந்தார்கள், முகம் தெரியவில்லை. கடையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் போட்டு அமுக்கினார்கள், போர்வையோடு. நான் ஐயோ என்று கத்தினேன். நாற்காலிக்காகத்தான் கத்தினேன், அண்ணி, ஆளுக்காக இல்லை. இவ்வளவு நாள் வேண்டுதல் யாரோ ஒரு திருடனுக்குப் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

சாவிக்காரர் சாக்கை எடுத்தார்.

வெளியே வந்தது அண்ணன் முகம். அண்ணன் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சுத்தியலையும் பார்த்தார். வெல்டிங்கார அண்ணன்தான் கேட்டார்.

“இந்த ஆள உனக்குத் தெரியுமா பாப்பா?”

“என் அண்ணன்.”

“அண்ணனா? சொந்த அண்ணன் எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றாரு?”

அதற்கு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான் பின்னாலயே வந்தேன். இந்த இடம் எப்படின்னு எனக்குத் தெரியும்.”

சாவிக்காரர் சிரிக்காமல் சொன்னார். “சார், இன்னிக்கு இந்த இடத்துல ஆபத்தான ஆளுன்னு பாத்தா நீங்க ஒருத்தர்தான்.”

வெல்டிங்கார அண்ணன் அவர் சட்டைக் காலரைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, மன்னிச்சுக்குங்க என்று சொல்லி வெளியே போனார். மற்றவரும் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். போர்வை ஒரு பக்கம் சரிந்து பச்சைத் துணி தெரிந்தது. அண்ணன் கையை வைக்க இடம் தேடி, நாற்காலிக் கையில் வைத்தார். விரல் அந்த மரக் கையின் நுனிப் பக்கம் போயிற்று. அங்கே அப்பா மூக்குக்கண்ணாடிக் கூட்டால் தட்டித் தட்டி விழுந்த பள்ளம் இருக்கிறதே, அதை நான் தேய்த்து நிரப்பவில்லை. அப்படியே விட்டு மெருகு போட்டிருந்தேன். விரல் அதில் போய் நின்றுவிட்டது. எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது அவருக்கு.

சட்டென்று எழப் பார்த்தார்.

“எழுந்திரிக்காதீங்கண்ணா,” என்றேன். “கொஞ்ச நேரம். முகத்த மட்டும் பாத்துக்கறேன்.”

ஏன் என்று கேட்கவில்லை. உட்கார்ந்தார். நான் முகத்தைப் பார்த்தேன். எங்கேயும் சுளிக்கவில்லை. சாய்ந்து பார்த்தார், பக்கவாட்டில் அசைந்து பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, ஸ்பிரிங் மாத்திட்டியா என்று கேட்டார். பழசுதான், திருப்பிக் கட்டியிருக்கேன் என்றேன். ஆணி வரிசை நேரா இருக்கு என்றார்.

அந்த வரிசைக்கு எத்தனை தடவை ஆணி பிடுங்கி அடித்தேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நேராக இருக்கிறது என்று சொன்னார். அதன் பிறகுதான் உங்களை அழைக்க ஓடி வந்தேன். சிரித்தேனா, அழுதேனா என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை.

கடையை நேற்று முறையாகத் திறந்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். காபிக் கடைக்காரர் நாற்காலியைப் பார்த்து விலை கேட்டார். கிழிசல் இல்லையே, பரவாயில்லையா என்றேன்.

ஒன்றே ஒன்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் வருவது அவருக்கு எப்படித் தெரிந்தது?

வாலு

*

ஏப்ரல் 3

அன்புள்ள வாலுக்கு,

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாயே, அது என் வேலைதான். நீ கழற்றாதே என்று எழுதியும் கடைசி நிமிடத்தில் எனக்குத் தைரியம் போதவில்லை. சங்கிலியைக் கழற்றி, டீச்சர் சொன்னபடி அரிசி டப்பாவில் புதைத்துவிட்டுக் கிளம்பினேன். திருடன் தேடாத இடம் சரி. உலை வைக்கிறேன் என்று சொன்ன மனிதர் முதலில் கை விடுகிற இடமும் அதுதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

பேருந்தில் திரும்பி வரும்போது, பாலம் தாண்டின பிறகு சொன்னார். அரிசி அளக்கக் கையை விட்டால் சங்கிலி வந்ததாம். “கோயிலுக்குப் போறவ இருக்கிறதப் போட்டுக்கிட்டுப் போவா. கழட்டி வச்சிட்டுப் போறாள்னா எங்கேன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். அளந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறார். நான் நிதானமாகக் கும்பிட்டு முடிக்கும்வரை தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். பொய் சொல்லக் கூடாது என்று கோயிலுக்குப் போனேனே, அந்த நேரம்தான் அவருக்குப் போதுமாக இருந்தது. சாமி கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

தடுத்திருக்கலாமே என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, “தடுத்தா நீ நின்னுடுவ. அப்புறம் யார்தான் போய் அவளப் பாக்கறது?” என்றார்.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு வாரமாகத் துடித்தாலும், முதலில் உன் பாதி வரட்டும் என்று பொறுத்திருந்தேன்.

பாலத்தடியில் இந்தத் தடவை கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை. சட்டைக் காலரைத் தடவிக்கொண்டார்.

இன்னும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பதிலை இனி வீட்டு முகவரிக்கே போடு. உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையையும் அவரே எடுத்துவிட்டார். ஆனாலும் நீ எழுது. கடிதத்தில்தான் நீ மரியாதையாகப் பேசுகிறாய். கூடத்தில் அப்பா நாற்காலி இருந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நேற்று அங்கே நின்றுகொண்டு, அவ கடையில ஒரு நாற்காலி செய்யச் சொன்னா எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். அப்பாவுடையது இங்கே வேண்டாமாம், கடையிலேயே இருக்கட்டுமாம், வருகிறவர்களுக்குக் காட்ட.

அடுத்த சனிக்கிழமை அளவு கொடுக்க அவரே வருகிறாராம், தனியாக. எந்த நிறுத்தம், எந்தச் சந்து என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அலமாரிக்கு எப்படித் தலையசைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். ஒரு சந்தேகம் மட்டும் உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். பேப்பர் படிப்பது போல உட்கார்ந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார். அவருக்கு ஒரு தட்டா, இரண்டு தட்டா?

உன் அண்ணி

*

ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

வெல்டிங்கார அண்ணனிடம் கேட்டேன். ஒன்றுதான் என்றார்.

குடையை மட்டும் மடக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

உங்கள்,
வாலு